அரச விழாக்கள்: கொண்டாடுபவர்கள், எதிர்ப்பவர்கள், கண்டுகொள்ளாதவர்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் முடிசூட்டு விழாவோ அரச திருமணமோ வந்துவிட்டால் செய்திகளில் இரண்டு படங்கள் மாறி மாறி வரும். ஒன்று கொடி ஆட்டும் கூட்டம், இன்னொன்று பதாகை பிடித்த கூட்டம். இந்த இரண்டிலும் சேராத கோடிக்கணக்கானவர்களை யாரும் படம் எடுப்பதில்லை. அவர்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் மக்கள் மனநிலை புரியும். இங்குள்ள பதில்கள் பெரும்பாலும் பிரிட்டனைப் பற்றியவை. தேவைப்பட்ட இடத்தில் மற்ற முடியாட்சி நாடுகளும் வரும்.

பிரிட்டன் மக்களில் பெரும்பாலானோர் முடியாட்சியை ஆதரிக்கிறார்களா?

இன்றுவரை ஆம். அண்மை ஆண்டுகளின் கருத்துக்கணிப்புகளில் 60 சதவீதத்துக்கு முன்னே பின்னே முடியாட்சி தொடரட்டும் என்கிறார்கள். ஏறக்குறைய கால்வாசிப் பேர் தேர்ந்தெடுக்கப்பட்ட நாட்டுத் தலைவர் வேண்டும் என்கிறார்கள். மீதிப் பேருக்கு இதில் கருத்தே இல்லை.

ஆனால் "தொடரட்டும்" என்ற அந்த ஒரு பதிலுக்குள் வெவ்வேறு மனநிலைகள் இருக்கின்றன. அரசர்மேல் உண்மையான பக்தி கொண்டவர்கள் ஒரு பகுதி. அரசியல்வாதி ஒருவர் அந்த நாற்காலியில் உட்காருவதைவிட இதுவே மேல் என்று நினைப்பவர்கள் இன்னொரு பகுதி. இதை மாற்றப் போய் வேறு வம்பு வந்து சேரும் என்று சும்மா இருப்பவர்களும் நிறைய. இந்த மூன்று பேரும் கணிப்பில் ஒரே கட்டத்தில்தான் டிக் அடிக்கிறார்கள்.

இவ்வளவு கூட்டம் சேர்கிறதே, அது ஆதரவு இல்லாமல் வேறென்ன?

அமைப்பு வேறு, விழா வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதிச் சண்டை தொடங்குகிறது.

2022 செப்டம்பரில் இரண்டாம் எலிசபெத்தின் உடல் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் வைக்கப்பட்டிருந்தபோது சுமார் 2,50,000 பேர் வரிசையில் வந்து அஞ்சலி செலுத்தினார்கள். தேம்ஸ் கரையோரமாகக் கிழக்கே சதக் பூங்கா வரை வரிசை நீண்டது. ஒரு கட்டத்தில் 24 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். கையில் நிறப்பட்டை கட்டிக்கொண்டு, பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவரிடம் இடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போய் வந்து, விடியவிடிய நின்றார்கள். டேவிட் பெக்காம் 12 மணி நேரத்துக்கும் மேல் அதே வரிசையில் நின்றார்.

அவர்கள் ஏன் வந்தார்கள்? அம்மா நினைவாக, அப்பா ராணுவத்தில் இருந்த நினைவாக, வரலாற்று நிகழ்வை நேரில் பார்க்க, 70 ஆண்டு ஒரே வேலையைச் செய்த ஒருவருக்கு மரியாதை செய்ய என்று பல காரணங்கள். முடியாட்சியில் நம்பிக்கை இல்லாதவர்களும் அந்த வரிசையில் இருந்தார்கள். எனக்கு வாக்கு இருந்தால் குடியரசுக்குத்தான் போடுவேன். ஆனாலும் அந்த வரிசையை மூளைச்சலவை என்று ஏளனம் செய்தவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களிடம் அரசியல் சாசனத் தேர்வு வைப்பது நியாயமில்லை.

எதிர்ப்பக்கத்துக்கும் இது பொருந்தும். வரிசையின் நீளத்தைக் காட்டி, "பாருங்கள், நாடே முடியாட்சி பக்கம்" என்று சொல்வதும் தவறுதான்.

முன்பு இருந்த ஆர்வம் இப்போது குறைந்துவிட்டதா?

எண்களை வைத்துப் பார்த்தால் குறைந்திருக்கிறது. 1953 ஜூன் 2 அன்று எலிசபெத்தின் முடிசூட்டு விழாவை பிரிட்டனில் 2 கோடியே 70 லட்சம் பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அப்போது மக்கள்தொகை 5 கோடியைச் சுற்றி. பெட்டி இருந்த வீட்டில் தெருவே கூடியது. 2023 மே 6 அன்று சார்லஸின் விழாவை உச்ச நேரத்தில் பார்த்தவர்கள் சுமார் 2 கோடி. மக்கள்தொகையோ 6 கோடியே 70 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

இடையில் காலமும் மாறிவிட்டது என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். 1953இல் வேறு சேனல் கிடையாது. போர் முடிந்து எட்டு ஆண்டு ஆகியும் ரேஷன் முழுதாகப் போகவில்லை. முடிசூட்டு விழாவுக்காக ஆளுக்கு ஒரு பவுண்டு சர்க்கரை கூடுதலாகக் கொடுத்தார்கள். அந்தச் சர்க்கரையில் செய்த கேக் ஒரு குழந்தைக்கு என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்தால், அந்த நாளை முதியவர்கள் இன்னும் பாசத்தோடு சொல்வது ஏன் என்று தெரியும். அவர்கள் நினைவில் நிற்பது அரியணையைவிட அந்தக் கேக்காகக்கூட இருக்கலாம்.

தெரு விருந்து என்றால் என்ன?

தெருவை அடைத்து, நடுவில் நீளமாக மேசைகள் போட்டு, குறுக்கே முக்கோணக் கொடித் தோரணம் கட்டி, வீட்டுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவந்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது. போக்குவரத்தை நிறுத்த உள்ளாட்சி மன்றத்திடம் பல வாரங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

இந்த வழக்கம் அரண்மனையிலிருந்து வந்ததல்ல. முதல் உலகப் போர் முடிந்த பிறகு, 1919இல், குழந்தைகளுக்காகத் தெருக்களில் நடத்திய சமாதானத் தேநீர் விருந்துகளில்தான் இதன் வேர் இருக்கிறது. பிறகு வெள்ளி விழா, முடிசூட்டு, போர் வெற்றி என்று ஒவ்வொன்றுக்கும் ஒட்டிக்கொண்டது. அதனால்தான் முடியாட்சிமேல் பெரிய அபிப்பிராயம் இல்லாதவர்களும் மேசை தூக்க வருகிறார்கள். பத்து ஆண்டாகப் பேசாத பக்கத்து வீட்டுக்காரரோடு பேச ஒரு சாக்கு கிடைக்கிறது.

எதிர்ப்பவர்கள் எதைத்தான் எதிர்க்கிறார்கள்?

பலர் நினைப்பதுபோல அது தனிமனிதர்மேல் உள்ள வெறுப்பு அல்ல. முக்கியமாக மூன்று விஷயங்களைச் சொல்கிறார்கள்.

முதலாவது கொள்கை: நாட்டின் தலைவர் பதவி பிறப்பால் வரக்கூடாது. எந்தக் குழந்தையும் அந்தப் பதவிக்கு ஆசைப்பட முடியாத நாட்டில் சமத்துவம் பேசுவதில் அர்த்தமில்லை என்கிறார்கள்.

இரண்டாவது செல்வாக்கு. அரசர் வெறும் அலங்காரப் பதவி என்பது முழு உண்மை அல்ல. அரச குடும்பத்தின் சொத்தையோ உரிமைகளையோ தொடும் மசோதா என்றால், நாடாளுமன்றம் அதை நிறைவேற்றும் முன் அரசரின் சம்மதத்தைக் கேட்கும் நடைமுறை இன்றும் உண்டு. எலிசபெத்தின் காலத்தில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட சட்டங்கள் அரண்மனைக்குப் போய் வந்ததை 2021இல் ஒரு நாளிதழ் புலனாய்வு வெளிக்கொண்டு வந்தது. எனக்கு இதுதான் மிக வலுவான வாதமாகப் படுகிறது. ஆனால் விழா நாட்களில் இதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

மூன்றாவது பணம். அதற்குத் தனிக் கேள்வியே வேண்டும்.

செலவை யார் கொடுக்கிறார்கள்?

அரசு விழாக்களுக்கு மக்களின் வரிப்பணம்தான். 2023 முடிசூட்டு விழாவுக்கு அரசு செலவிட்டது 7 கோடியே 20 லட்சம் பவுண்டு. இதில் காவல் ஏற்பாட்டுக்கு மட்டும் 2 கோடிக்கு மேல். அதற்கு முந்தைய ஆண்டு அரசியின் இறுதிச் சடங்குக்கும் துக்க நாட்களுக்கும் சுமார் 16 கோடியே 20 லட்சம் பவுண்டு ஆனது.

ஆண்டுச் செலவுக்கு "அரச மானியம்" என்று ஒரு தொகை உண்டு. 2024-25இல் அது 8 கோடியே 63 லட்சம் பவுண்டு. அடுத்த ஆண்டு 13 கோடியே 21 லட்சமாக உயர்ந்தது. பக்கிங்ஹாம் அரண்மனையைப் புதுப்பிக்கும் பணிக்கான தொகையும் அதில் சேர்ந்தது. அரச குடும்பத்தின் பாதுகாப்புச் செலவு இந்தக் கணக்கில் வராது.

ஆதரவாளர்கள் சொல்லும் பதில் இரண்டு. கிரவுன் எஸ்டேட் என்ற நிலச் சொத்தின் லாபம் முழுவதும் அரசுக் கருவூலத்துக்குப் போகிறது, மானியம் அதில் ஒரு சிறு பங்குதான் என்பது ஒன்று. சுற்றுலா வருமானம் இன்னொன்று. முதல் பதிலில் ஒரு சிக்கல் இருக்கிறது: அந்த நிலம் அரசரின் சொந்தச் சொத்து அல்ல, அவர் விற்கவும் முடியாது. முடியாட்சி போனால் அதைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போக அவருக்கு வழியில்லை. சுற்றுலா வாதமும் எனக்கு முழுதாக ஏற்புடையதாக இல்லை. அரசர் இல்லாத பிரான்ஸில் வெர்சாய் அரண்மனைக்குப் போகிறவர்கள் உள்ளே அரசர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுப் போவதில்லை.

பணக் கோபம் மாற்றம் கொண்டுவந்ததும் உண்டு. 1992 நவம்பரில் வின்ட்சர் கோட்டை தீப்பிடித்தது. பழுதுபார்க்கும் செலவை அரசு ஏற்கும் என்று அறிவிப்பு வந்ததும் மக்கள் கொதித்தார்கள். பொருளாதார மந்தத்தில் வேலை போன நேரம் அது. சில நாட்களிலேயே அரசி வருமான வரி கட்டுவார் என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த கோடையில் பக்கிங்ஹாம் அரண்மனையைக் கட்டணம் வாங்கி மக்களுக்குத் திறந்தார்கள். பழுதுபார்ப்புச் செலவில் பெரும்பகுதி அந்தக் கட்டணத்திலிருந்துதான் வந்தது.

2023இல் எதிர்ப்பாளர்களைக் கைது செய்தது உண்மையா?

உண்மை. முடிசூட்டு விழாவுக்கு மூன்று நாட்கள் முன்புதான் பொது ஒழுங்குச் சட்டம் 2023 நடைமுறைக்கு வந்தது. தன்னை ஏதாவது ஒன்றோடு பூட்டிக்கொள்ளும் நோக்கத்தில் அதற்கு உதவும் பொருளை வைத்திருப்பதே குற்றம் என்று அது சொன்னது. விழா நாள் காலை, "இவர் என் அரசர் இல்லை" என்ற மஞ்சள் பதாகைகளை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தபோதே, முடியாட்சிக்கு எதிராகப் பிரசாரம் செய்யும் ரிப்பப்ளிக் அமைப்பின் தலைவர் கிரஹாம் ஸ்மித் உட்பட ஆறு பேரைக் காவல்துறை பிடித்துச் சென்றது. பதாகைகளைக் கட்டியிருந்த பட்டைகள்தான் சந்தேகத்துக்குக் காரணம். பல மணி நேரம் காவலில் வைத்து, பிறகு நடவடிக்கை ஏதும் இல்லாமல் விட்டார்கள். லண்டன் காவல்துறை வருத்தம் தெரிவித்தது. அந்த அமைப்பு பல வாரங்களாகக் காவல்துறையோடு பேசி, எங்கே நிற்போம் என்று சொல்லிவைத்திருந்தது.

அன்று நடந்த இன்னொன்றும் மறக்கக் கூடாதது. அரச குடும்பத்தின் ரசிகையான ஓர் ஆஸ்திரேலியப் பெண் ஊர்வலம் பார்க்க வந்து, எதிர்ப்பாளர்கள் பக்கத்தில் நின்ற காரணத்துக்காகப் பிடிபட்டார். சுமார் 13 மணி நேரம் அவர் காவலில் இருந்தார். கொண்டாட வந்தவருக்கும் எதிர்க்க வந்தவருக்கும் ஒரே கதி நேர்ந்தது. பேச்சுரிமை எதிர்ப்பாளர்களின் சொந்தக் கவலை மட்டும் என்று நினைக்கும் அரச ஆதரவாளர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு முந்தைய செப்டம்பரிலும் நடந்தது. சார்லஸ் அரசராக ஆக்ஸ்ஃபோர்டில் அறிவிக்கப்பட்டபோது, "இவரை யார் தேர்ந்தெடுத்தது?" என்று குரல் கொடுத்தவரைக் கைது செய்தார்கள். நாடாளுமன்றச் சதுக்கத்தில் வெற்றுத்தாள் பிடித்து நின்ற ஒரு வழக்கறிஞரிடம், அதில் "இவர் என் அரசர் இல்லை" என்று எழுதினால் கைது செய்ய நேரிடலாம் என்று காவலர் சொன்னார். எழுதாத ஒரு தாளுக்குப் பயந்தார்கள். ஒரு விழா எவ்வளவு உறுதியான ஆதரவில் நடக்கிறது என்பதை அதன் ஓரத்தில் நிற்கும் எதிர்ப்பாளரை எப்படி நடத்துகிறார்கள் என்பதை வைத்துத்தான் நான் எடைபோடுவேன்.

இந்த எதிர்ப்பெல்லாம் சமீப காலத்துப் பழக்கமா?

இல்லை. 1861இல் கணவர் ஆல்பர்ட் இறந்த பிறகு விக்டோரியா அரசி ஆண்டுக்கணக்கில் வெளியே தலைகாட்டவில்லை. வேலையே செய்யாதவருக்கு ஏன் பணம் என்று கேள்வி எழுந்தது. 1870களின் தொடக்கத்தில் நாடு முழுவதும் குடியரசு மன்றங்கள் முளைத்தன. 1871 கடைசியில் இளவரசர் எட்வர்டு டைஃபாய்டு காய்ச்சலில் சாகப் பிழைக்கக் கிடந்து மீண்டார். அடுத்த பிப்ரவரியில் செயின்ட் பால் பேராலயத்தில் பெரிய நன்றி வழிபாடு நடத்தினார்கள். அந்த விழாவோடு அலை திரும்பிவிட்டது. விழாவுக்கு அரசியல் பலம் உண்டு என்பதை அரண்மனை அப்போதே கற்றுக்கொண்டது.

ஆனால் இந்த வரலாற்றில் என்னை மிகவும் பாதிக்கும் நாள் 1894 ஜூன் 23. தெற்கு வேல்ஸில் கில்வினித் என்ற ஊரில் ஆல்பியன் சுரங்கம் வெடித்து 290 ஆண்களும் சிறுவர்களும் இறந்தார்கள். அதே நாளில் அரச குடும்பத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அதையடுத்த நாளே பிரான்ஸ் அதிபர் கார்னோவைக் குத்திக் கொன்றார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கார்னோவுக்கு இரங்கல் தெரிவித்தது, குழந்தைக்கு வாழ்த்துச் சொல்லத் தீர்மானம் கொண்டுவந்தது. சுரங்கத்தில் இறந்தவர்களுக்கு இரங்கல் தீர்மானம் வேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினரான தொழிலாளர் தலைவர் கியர் ஹார்டி கேட்டார். அவரே பத்து வயதில் சுரங்கத்துக்குள் வேலைக்குப் போனவர். கேட்டது கிடைக்கவில்லை. ஜூன் 28 அன்று அவர் எழுந்து வாழ்த்துத் தீர்மானத்தை எதிர்த்துப் பேசினார். சபை கூச்சல் போட்டது. அவர் நிறுத்தவில்லை. 1900இல் அதே தெற்கு வேல்ஸ் சுரங்கப் பகுதியான மெர்தர் டிட்வில் மக்கள் அவரைத் தங்கள் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தார்கள். அன்று பிறந்த குழந்தைதான் பின்னாளில் எட்டாம் எட்வர்டாகி, 1936இல் ஓராண்டுகூட முடியாமல் அரியணையைத் துறந்தவர்.

ஹார்டி அந்தக் குழந்தையை வெறுக்கவில்லை. யாருடைய பிறப்புக்கு நாடு மகிழ்கிறது, யாருடைய சாவுக்கு நாடு வாய் திறக்கவில்லை என்பதுதான் அவர் கேள்வி. அந்தக் கேள்வி பழசாகவில்லை.

ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் மனநிலை வேறா?

ரொம்பவே வேறு. ஸ்காட்லாந்தில் ஆதரவு இங்கிலாந்தைவிடக் குறைவு. 1952 நவம்பரில் எடின்பரோவில் "இரண்டாம் எலிசபெத்" முத்திரையோடு ஒரு சிவப்புத் தபால் பெட்டி வைத்தார்கள். முதலாம் எலிசபெத் ஸ்காட்லாந்தை ஆண்டதே இல்லை, பிறகு இவர் எப்படி இரண்டாமவர் என்று கோபம் கிளம்பியது. தார் பூசினார்கள், சுத்தியலால் அடித்தார்கள், 1953 பிப்ரவரியில் வெடி வைத்தே தகர்த்தார்கள். அதன் பிறகு ஸ்காட்லாந்துத் தபால் பெட்டிகளில் அந்த முத்திரைக்குப் பதில் ஸ்காட்லாந்துக் கிரீடம் வந்தது. இன்றும் போய்ப் பார்க்கலாம்.

வேல்ஸில் 1969இல் சார்லஸை கனார்வன் கோட்டையில் வேல்ஸ் இளவரசராகப் பட்டம் சூட்டினார்கள். பெரும் கூட்டம் கூடியது. முந்தைய இரவு அபர்கெலி ஊரில் வெடிகுண்டு கொண்டுபோன இரண்டு வேல்ஸ் தேசியவாதிகள் அது வெடித்து இறந்தார்கள். வில்லியம் அந்தப் பட்டத்துக்கு வந்தபோது அதுபோன்ற விழா வேண்டாம் என்று விட்டுவிட்டதில் இந்த நினைவுக்கும் பங்கு இருக்கும் என்றே நினைக்கிறேன்.

வட அயர்லாந்தில் இது தெருவுக்குத் தெரு மாறும். ஆனால் அங்கேதான் எதிர்பாராத மரியாதையும் நடந்தது. 2012இல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகப் போராடிய ஐஆர்ஏ ஆயுத அமைப்பின் முன்னாள் தளபதி மார்ட்டின் மெக்கின்னஸ் பெல்ஃபாஸ்டில் அரசியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். 2023 முடிசூட்டுக்கு ஒன்றுபட்ட அயர்லாந்து கோரும் ஷின் ஃபெய்ன் கட்சியின் மிஷெல் ஓநீல் நேரில் போனார். இருவரும் முடியாட்சியை ஏற்றுக்கொண்டு போகவில்லை.

இளைஞர்கள்?

18 முதல் 24 வயதுக்காரர்களில் ஆதரவு மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கிறது. 65 வயதைத் தாண்டியவர்களில் ஐந்தில் நான்கு பேர் வரை ஆதரவு. வயதானால் இளைஞர்களும் மாறிவிடுவார்கள் என்று அரண்மனை பக்கம் நம்புகிறார்கள். நடக்கலாம். ஆனால் இளைஞர்களில் பலருக்கு எதிர்ப்பும் இல்லை, அக்கறையும் இல்லை. முடியாட்சிக்கு நீண்ட காலத்தில் ஆபத்து அதுதான்.

அரசரை இன்னும் தலைவராகக் கொண்ட மற்ற நாடுகளில்?

பிரிட்டன் தவிர 14 நாடுகளுக்கு சார்லஸ்தான் அரசர். பார்படோஸ் 2021 நவம்பர் 30 அன்று விலகிக் குடியரசானது. அந்த விழாவுக்கு அப்போது இளவரசராக இருந்த சார்லஸே போய், அடிமை முறையின் கொடுமையைப் பற்றிப் பேசினார். 2022இல் வில்லியமும் கேத்தரினும் ஜமைக்கா சென்றபோது, நாடு தன் வழியில் முன்னே போகிறது என்று பிரதமர் ஆண்ட்ரூ ஹோல்னஸ் அவர்கள் முகத்துக்கு நேராகவே சொன்னார். கரீபியன் மக்களுக்கு அரச ஊர்வலம் அடிமை வியாபாரத்தை நினைவூட்டுகிறது. லண்டன் தெருவில் அதே ஊர்வலம் வேறு நினைவைத் தருகிறது.

ஆனால் காலனியாக இருந்த நாடெல்லாம் உதறிவிடத் துடிக்கிறது என்றும் சொல்ல முடியாது. 1999 ஆஸ்திரேலிய வாக்கெடுப்பில் சுமார் 55 சதவீதம் பேர் குடியரசு வேண்டாம் என்றார்கள். குடியரசை விரும்பியவர்களே, அதிபரை மக்கள் தேர்ந்தெடுப்பதா நாடாளுமன்றம் தேர்ந்தெடுப்பதா என்று பிரிந்து நின்றது அதற்கு முக்கியக் காரணம். துவாலுவும் செயின்ட் வின்சென்டும்கூட வாக்கெடுப்பு வைத்து அரசியையே தக்கவைத்துக்கொண்டன.

கோஹினூர் வைரத்தை 2023இல் ஏன் காணவில்லை?

கமீலா அணிந்தது மேரி அரசியின் கிரீடம், அதில் கோஹினூர் வைக்கப்படவில்லை. அதை அணிந்திருந்தால் அன்றைய பேச்சு முழுவதும் கொள்ளைப் பொருள் பற்றியதாகவே இருந்திருக்கும். தவிர்த்தது சரி. ஆனால் வைரம் இன்னும் லண்டன் கோபுரத்தில்தான் இருக்கிறது.

மற்ற முடியாட்சிகளில் விழாக்கள் எப்படி?

நெதர்லாந்தில் ஏப்ரல் 27 அரசர் தினம். ஊரே ஆரஞ்சு நிறம் உடுத்தி, வீட்டுப் பழைய சாமான்களைத் தெருவில் பரப்பி விற்கும். குழந்தைகள் பொம்மை விற்பார்கள். அதே நாட்டில் 1980இல் பெயாட்ரிக்ஸ் பதவியேற்ற அன்று, "வீடு இல்லையேல் முடிசூட்டும் இல்லை" என்ற முழக்கத்தோடு ஆம்ஸ்டர்டாம் கலவரமானது. வீடில்லாத் திண்டாட்டம் உச்சத்தில் இருந்த காலம். பின்னால் மக்களிடம் நல்ல பெயர் எடுத்துத்தான் அவர் 2013இல் விலகினார்.

தாய்லாந்தில் அரசரை அவமதித்தால் குற்றவியல் சட்டம் 112ஆம் பிரிவின்படி ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் 3 முதல் 15 ஆண்டு சிறை. அங்கே கூடும் கூட்டத்தைப் பார்த்து மக்கள் மனநிலையைக் கணிக்கவே முடியாது. ஸ்பெயினில் சட்டம் அவ்வளவு கடுமையில்லை, ஆனால் அரசின் கருத்துக்கணிப்பு நிறுவனம் 2015க்குப் பிறகு முடியாட்சி பற்றிய மதிப்பீட்டைக் கேட்பதையே நிறுத்திவிட்டது. கேட்காமல் இருப்பதால் பதில் மாறப்போவதில்லை.

விருந்துக்குப் போனால் நான் அரச ஆதரவாளன் ஆகிவிடுவேனா? போகாவிட்டால்?

இரண்டும் இல்லை. 2023இல் வீட்டிலிருந்தபடியே மக்கள் எல்லோரும் விசுவாச உறுதிமொழி சொல்லலாம் என்று திருச்சபை அழைத்தபோது, அரச ஆதரவாளர்களில் பலரே முகம் சுளித்தார்கள். கடைசியில் விருப்பமுள்ளவர்கள் சொல்லலாம் என்று தணித்தார்கள். கேக் சாப்பிட அழைத்தபோது வராத எதிர்ப்பு, உறுதிமொழி கேட்டபோது வந்தது. அந்த எல்லை மக்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. எனவே பிடித்தால் போங்கள், பிடிக்காவிட்டால் விடுமுறையில் தூங்குங்கள்.

முடியாட்சி வேண்டுமா என்று மக்களிடம் கேட்டதுண்டா?

நார்வேயில் கேட்டார்கள். 1905இல் ஸ்வீடனிடமிருந்து பிரிந்தபோது டென்மார்க் இளவரசர் கார்லை அரசராக வரச் சொன்னார்கள். மக்கள் சம்மதம் தெரியாமல் வரமாட்டேன் என்று அவர்தான் வாக்கெடுப்பு கேட்டார். 79 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். இத்தாலி 1946இலும் கிரீஸ் 1974இலும் வாக்களித்துக் குடியரசாயின.

பிரிட்டனில் இதுவரை கேட்டதில்லை. 1649 முதல் 1660 வரை அரசர் இல்லாமல் இருந்த காலமும் உள்நாட்டுப் போரால் வந்தது, வாக்கால் அல்ல. இன்று முடியாட்சியை நீக்க வேண்டுமானால் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். நடைமுறையில் அதற்கு முன் பொது வாக்கெடுப்பு இல்லாமல் எந்த அரசும் துணியாது. 1991இல் தொழிற்கட்சி உறுப்பினர் டோனி பென் குடியரசு மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார், விவாதத்துக்கே வராமல் அது காலாவதியானது. இன்றைய கணிப்புகளின்படி வாக்கெடுப்பு வைத்தால் முடியாட்சியே வெல்லும். அப்படி வென்றால் என்னைப் போன்றவர்கள் அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். அதற்காகவாவது ஒருமுறை கேட்டுவிடலாம் என்பது என் கருத்து.